பொண்ணு வீட்டைப் பத்தி விசாரிக்க வந்தவருக்கு

உக்காருங்க, உக்காருங்க. எதுக்குங்க எந்திரிக்கறீங்க? உங்க டீயே இன்னும் வரலை. நாச்சிமுத்து ஊடு எப்படி, அந்தப் பொண்ணு தாரணி எப்படீன்னு பேக்கரிக்காரன்கிட்டக் கேட்டீங்களே, என்ற காதுல விழுந்துச்சுங்க. அவன் என்ற பக்கம் கண்ணைக் காட்டிப்போட்டு உள்ளார போயி பன்னு அடுக்கற மாதிரி நிக்கறான் பாருங்க. நாந்தாங்க நாச்சிமுத்து. தாரணி என்ற பொண்ணு. சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கீங்க. அந்த ஊட்டைப் பத்தி என்னையவிட வேற யாருக்குங்க நல்லாத் தெரியும்?

தோப்பு ஏதாச்சும் வெலைக்கு வருதான்னு பாக்க வந்தேன், அது இதுன்னு சொல்லாதீங்க. தோப்புப் பாக்க வர்றவன் இஸ்திரி போட்ட வேட்டியும், தலைக்கு மையும் போட்டுக்கிட்டு வரமாட்டான். மை கூட இந்தக் காதோரத்துல கொஞ்சம் ஒழுகியிருக்குதுங்க. அந்தப் பக்கம் இல்லீங்க, இந்தப் பக்கம். ஆங். ஊத்துக்குளிக்காரரா? பையனுக்கு நீங்க என்ன ஆகோணும்? தாய்மாமனா! அப்பச் சரி. நீங்க தலையாட்டுனாத்தான் அங்க கண்ணாலம். உங்களுக்கு நான் ஒண்ணு விடாமச் சொல்றனுங்க.

இந்த முட்டை பப்ஸ் நீங்க சாப்பிடறீங்களா? பாத்துக்கிட்டே இருக்கீங்க, அதனால கேட்டேன். சரி, பாதி நான் எடுத்துக்கறேன்.

விசாரணைங்கறது எனக்குப் புதுசில்லைங்க. முந்தியெல்லாம் இந்த ஊருக்கு யாரு விசாரிக்க வந்தாலும் எங்கிட்டத்தான் வருவாங்க. இதே பெஞ்சுதான். நான் பொய் சொல்லமாட்டனுங்க. ஆனா உண்மையை அப்படியே எடுத்துக் கையில குடுத்தறவும் மாட்டேன். அதுக்கு ஒரு பக்குவம் இருக்குது. பையன் தண்ணி போடறவனா இருந்தா, "தங்கமான பையனுங்க, சிநேகிதக்காரங்கதான் கொஞ்சம் சாஸ்தி"ம்பேன். மாமியாக்காரி பொல்லாதவளா இருந்தா, "அந்தம்மா ஊட்டை அவ்வளவு சுத்தமா வெச்சிருக்குமுங்க"ன்னு முடிச்சுருவேன். குடும்பமே சரியில்லையா, ஒண்ணும் சொல்லாம டீயை ஆத்திக்கிட்டே, "எதுக்கும் இன்னொரு எடத்துல கேட்டுக்கங்களேன்"ம்பேன். வந்தவங்க புரிஞ்சுக்கிட்டு அடுத்த பஸ்ஸுலயே ஏறிருவாங்க. ஒருத்தர் மனசும் நோகாது. நாச்சிமுத்து வாயில இருந்து ஒரு வார்த்தை வந்தா அதை வெச்சுக் கண்ணாலமே முடிச்சறலாம்னு சுத்துப்பட்டுல பேசிக்குவாங்க.

இப்ப யாரும் எங்கிட்டக் கேக்கறதில்லைங்க. ஏன்னே தெரியலை. நீங்கதான் ரொம்ப நாளைக்கப்பறம் வந்திருக்கீங்க.

அடிபட்டதுதான் காரணம்னு என்ற ஊட்டுக்காரி சொல்றா. அவ பேரு பழனாத்தா. ரெண்டு வருசத்துக்கு முந்தி எக்ஸெல் வண்டியில தீவனத்துக்குச் சோளத்தட்டு ஏத்திக்கிட்டு வந்தனுங்க. ஆடு ஒண்ணு குறுக்க ஓடுச்சு. ஆட்டுக்கு ஒண்ணுமில்லை, தட்டுக்கும் ஒண்ணுமில்லை. நான் மட்டும் பறந்து போயி நெத்தியக் கொண்டுபோயி மைல்கல்லுல குடுத்தேன். கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில மண்டையத் தொறந்து மூடுனாங்க. இதோ பாருங்க தழும்பு. தொட்டுப் பாருங்க, ஒண்ணும் பண்ணாது. வேண்டாமா? சரி.

கண்ணு முழிச்சதும் டாக்டரு பேரு கேட்டாரு, சொன்னேன். ஊரு கேட்டாரு, சொன்னேன். கையத் தூக்குங்க, காலை ஆட்டுங்கன்னாரு, ஆட்டுனேன். எந்தப் பங்காளி எந்த வருசம் எங்களோட பேச்சை நிறுத்துனான்ங்கற வரைக்கும் ஞாபகம் இருந்துச்சுங்க. எல்லாரும் சாமி புண்ணியம்னு கும்புட்டாங்க. ஆனா டாக்டரு பழனாத்தாளைத் தனியாக் கூப்புட்டாரு. நானும் பின்னாலயே போயி நின்னுக்கிட்டேன். "மூளையில பின்னாடி இருக்கறதெல்லாம் வேலையாளுங்க மாதிரிம்மா. முன்னால இருக்கறது மேஸ்திரி மாதிரி. எதை எப்பச் சொல்லோணும், எதை அடக்கோணும், எது வேணும் எது வேண்டாம்னு அதுதான் பார்த்துக்கும். இவருக்கு மேஸ்திரிக்குத்தான் அடி. இனி பாத்துப் பதனமா இருந்துக்கங்க"ன்னாரு.

அவரு சொன்னது எனக்கு நல்லாவே புரிஞ்சுதுங்க. ஆனா எனக்கு அப்படி ஒண்ணும் ஆகலை. ஆஸ்பத்திரியில இருந்து ஊட்டுக்கு வந்தப்பறம் பாத்தா, மத்தவங்களுக்குத்தான் எல்லாம் ஆகியிருக்குது. சும்மா ஒரு வார்த்தை பேசுனா மொகத்தைத் தூக்கி வெச்சுக்கறாங்க.

என்ற சகலை பாக்க வந்தாருங்க. பழனாத்தாளோட தங்கச்சி ஊட்டுக்காரரு. ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணு கொண்டாந்தாரு. நான் வாங்கி அடியில பாத்தேன், தேதி முடிஞ்சுபோச்சு. அது நாங்க அவரு பேரனோட காதுகுத்துக்குக் கொண்டுபோன அதே பாட்டிலுங்க. "சகலை, நான் குடுத்தது எனக்கே வந்துருச்சு, நடுவுல கெட்டுப்போச்சு"ன்னேன். அறை நிறையச் சொந்தக்காரங்க, ஒறம்பரை. எனக்கு அது வேடிக்கையா இருந்துச்சு, நான் மட்டும் சிரிச்சேன். அன்னைக்குப் போன மனுசன் இன்னைக்கு வரைக்கும் வாசப்படி மிதிக்கலை. கெட்டுப்போனதைக் கொண்டாந்தவரு கோவிச்சுக்கறாரு, அதைக் குடிக்க வேண்டிய நான் கோவிச்சுக்கலை. இதுல யாருக்குங்க மேஸ்திரி சரியில்லை?

அப்பறம் அந்தக் குதிரை. ஆமாங்க, குதிரை. பால் மாடு ஒண்ணு வாங்கிக்கிட்டு வாங்கன்னு பழனாத்தா சந்தைக்குத் தாட்டிவிட்டா. மாடெல்லாம் பாத்தேன். எல்லாம் மாடு மாதிரியே இருந்துச்சு. ஓரத்துல ஒரு வெள்ளைக் குதிரை நின்னுச்சுங்க, என்னையவே பாத்துக்கிட்டு. ஓட்டியாந்துட்டேன். "இதுல பாலு கறக்க முடியுமா?"ன்னு பழனாத்தா தலையில அடிச்சுக்கிட்டா. "முடியாது, ஆனா அழகா இருக்குது பாரு"ன்னேன். இப்பவும் மாட்டுக் கட்டுத்தரையில நின்னு சோளத்தட்டு தின்னுக்கிட்டு இருக்குது. ஏறத் தெரிஞ்ச ஆளு எங்கூட்டுல யாரும் இல்லீங்க. உங்க பையனுக்குக் குதிரை ஓட்டத் தெரியுமா? கேட்டுச் சொல்லுங்க.

குதிரைக்கு டக்குனு முடிவு பண்ணுனேன். ஆனா காங்கயத்துல துணிக்கடைக்குப் போனப்ப நடந்த கதையைக் கேளுங்க. வெள்ளைச் சட்டை ரெண்டு எடுத்து முன்னால போட்டான். ரெண்டும் ஒரே சைஸு, ஒரே துணி. ஒண்ணுல பொத்தான் கொஞ்சம் பெருசு. இதை எடுக்கறதா, அதை எடுக்கறதா? பெரிய பொத்தானு போடறதுக்குச் சுளுவு. சின்னப் பொத்தானு பாக்கறதுக்கு லட்சணம். இதுக்கு நாலு காரணம் இருந்தா அதுக்கும் நாலு இருக்குது. ரோசனை பண்ணிக்கிட்டே நின்னேன். கடைக்காரப் பையன் சாப்புடப் போயிட்டு வந்தான், நான் நின்னுக்கிட்டு இருந்தேன். ஷட்டரைப் பாதி எறக்கிப்போட்டாங்க, அப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். தாரணி வந்து கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தா. முந்தியெல்லாம் வயித்துக்குள்ள இருந்து என்னமோ ஒண்ணு "இதை எடு"ன்னு சொல்லுமுங்க. இப்ப அது பேசறதே இல்லை. அறிவுக்கு எல்லாம் தெரியுது, வயிறுதான் வாய் தொறக்க மாட்டேங்குது.

ஆனா பரிச்சையில நான் பாஸுங்க! நீங்க அதைக் கேக்கோணும்.

டாக்டரு என்னைய ஒரு புள்ளைகிட்ட அனுப்புனாரு. மனசு சம்பந்தமாப் படிச்ச புள்ளை. கதை கதையாப் படிச்சுக் காட்டி ஒவ்வொண்ணுலயும் கேள்வி கேட்டுச்சு. ஒரு விருந்துல ஒரு அம்மா பாயசத்தைக் குடிச்சுப்போட்டு, "இது அடிபுடிச்சுப்போச்சே, எவ வெச்சது?"ன்னு கேட்டுதாம். வெச்சது பக்கத்துல நின்ன புது மருமக. இதுல யாராச்சும் சொல்லக்கூடாததைச் சொன்னாங்களான்னு அந்தப் புள்ளை கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எங்கிட்டயா இந்தக் கேள்வி? "சொன்னது தப்பும்மா. அந்த மருமகளுக்கு மனசு எவ்வளவு கஷ்டமா இருக்கும்? 'பாயசம் கொஞ்சம் கெட்டியா இருக்குது, எனக்குப் பாதி டம்ளர் போதும் சாமி'ன்னு சொல்லிருக்கோணும்"னு வெளக்குனேன். கேட்ட கதைக்கெல்லாம் பதில் சொன்னேன். ஒண்ணுகூடத் தப்பில்லீங்க. அந்தப் புள்ளையே, "எல்லாம் சரியாச் சொல்லீட்டீங்க ஐயா"ன்னு ஆச்சரியப்பட்டுச்சு.

எந்திரிச்சு வரும்போது, "ஏம்மா, இவ்வளவு படிச்சிருக்கே, கழுத்துல தாலியக் காணமே, அந்த முன்பல்லு தூக்கலா இருக்கறதாலயா?"ன்னு அக்கறையாத்தான் கேட்டேன். அந்தப் புள்ளை மறுபடியும் பேனாவை எடுத்து நிறைய எழுதிக்கிச்சு. அவ்வளவு தூரம் என்ற பேச்சு அதுக்குப் புடிச்சுப்போச்சு.

சரி, பொண்ணு கதைக்கு வர்றேன். அதுக்குத்தான வந்திருக்கீங்க.

உங்களுக்கு முன்னால ரெண்டு எடம் வந்து தட்டிப்போச்சுங்க. மறைக்க மாட்டேன். மொத எடம் நல்ல எடம். பையனோட அப்பாரு சாப்புட்டு முடிச்சு வெத்தலை போட்டுக்கிட்டு, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. உங்க பொண்ணு, நீங்க பாத்து என்ன செய்யறீங்களோ செய்யுங்க"ன்னாரு. எல்லா ஊட்டுலயும் சொல்றதுதான். அதுக்கு அர்த்தம் என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா? நானே எத்தனை பேருக்கு அர்த்தம் சொல்லிக் குடுத்திருக்கேன்! ஆனா அவரு சொன்ன அந்த நிமிசத்துல, வேண்டாம்ங்கறாரே, எவ்வளவு பெரிய மனசுன்னு தோணிப்போச்சு. எந்திரிச்சு நின்னு, "கேட்டுக்கங்க எல்லாரும், சம்பந்தி ஒண்ணும் வேண்டாம்னுட்டாரு, அதனால நாங்க ஒண்ணும் செய்யறதில்லை"ன்னு கைதட்டுனேன். கூட யாரும் தட்டலை. அவரு வாயில போட்ட வெத்தலையை மென்னுக்கிட்டே இருந்தாரு, முழுங்கவே இல்லை.

ரெண்டாவது எடத்துக்காரங்க போகும்போது, "ஊட்டுக்குப் போயி பேசீட்டுத் தகவல் சொல்லியனுப்பறோம்"னாங்க. தகவல் வரலை. நான் தேடிக்கிட்டுப் போனேன். "இன்னும் பேசலைங்க"ன்னாங்க. சரி, பேசட்டும்னு அவங்க வாசல்லயே கட்டிலைப் போட்டு உக்காந்தேன். மறுநாளும் போனேன். அதுக்கு அடுத்த நாளும் போனேன். அந்தம்மா மத்தியானச் சோறு போட்டுச்சு, நல்லாவே போட்டுச்சு. கடைசியில பையனே வந்து, "எனக்கு இப்பக் கண்ணாலம் வேண்டாமுங்க, நான் வெளிநாடு போறேன்"னு கையெடுத்துக் கும்புட்டான். அவன் இன்னும் இங்கதான் உரக்கடை வெச்சிருக்கறான். போன வாரம் கூடக் கடைக்குப் போயி, "எப்பப்பா கெளம்பறே?"ன்னு கேட்டுட்டு வந்தேன்.

அந்தப் பையன் வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு ராத்திரிச் சோத்துக்கு உக்காந்தப்ப பழனாத்தா அழுதா. தாரணி அழலை. குதிரைக்குத் தண்ணி காட்டப் போயிட்டா.

பொண்ணு எப்படீன்னு கேளுங்க. குறையைத்தான் மொதல்ல சொல்லோணும். பிடிவாதம் சாஸ்தி. ஆஸ்பத்திரியில நான் கெடந்தப்ப எத்தனையோ பேரு, "நீ ஊட்டுக்குப் போ, நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னாங்க. போகவே இல்லை. என்ற காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தமேனிக்கே தூங்குவா. தலைக்குக் கூட ஊத்திக்கலை. "நாறுது, அக்கட்ட போ"ன்னு கூடச் சொல்லிப் பாத்தனுங்க. சிரிக்கறா. அப்பறம் சொல் பேச்சுக் கேக்கமாட்டா. திருப்பூர்ல பனியன் கம்பெனியில கணக்குப் பாக்கறா, சென்னையில பெரிய வேலை கெடைச்சுது, போகலை. ஏன்னு கேட்டா, "உங்களைச் சட்டைக்கடையில இருந்து யாருப்பா கூட்டிக்கிட்டு வருவாங்க?"ங்கறா. இது ஒரு காரணமுங்களா? ரசம் வெக்கத் தெரியாது. கொரட்டை விடுவா, சின்னதா. கோவம் வந்தா ரெண்டு நாளைக்குப் பேசமாட்டா, எங்கிட்ட மட்டும் பேசுவா. எங்கிட்டக் கோவிச்சுக்கத் தெரியலை அவளுக்கு. அவ்வளவுதாங்க குறை.

நல்லதுன்னு சொல்லோணும்னா, நல்லாக் கணக்குப் போடுவா.

உங்க பையன் எப்படி? நேராவே கேக்கறேன், குடிக்கறவனா? பாத்தீங்களா, கண்ணு அக்கட்ட போகுது. எப்பவாச்சுமா? சிநேகிதக்காரங்க கூடவா? சரி சரி, அந்த வார்த்தையெல்லாம் நான் கண்டுபுடிச்சதுங்க. கோவம் வருமா? கையத் தூக்குவானா? அது இல்லையா. இப்ப நீங்க என்ற கண்ணைப் பாத்துச் சொன்னீங்க. அது போதும்.

இப்ப உங்க விசயத்துக்கு வருவோம். நீங்க வரப்போறீங்கன்னு எங்களுக்குப் போன வாரமே தெரியுமுங்க. தரகரு சொல்லீட்டாரு. பழனாத்தா ரெண்டு நாளா ஏற்பாடு பண்ணுனா. விசாரிக்க வந்தா எதுத்த ஊட்டுச் சுப்பாயா கிட்டத் தாட்டிவிடோணும்னு இந்தப் பேக்கரிக்காரன்கிட்டச் சொல்லி வெச்சா. சுப்பாயாளுக்கு என்ன பேசோணும்னு சொல்லிக் குடுத்தா. எனக்கு ஒரு கெஞ்சல். "ஏனுங்க, உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன். இந்த எடமாச்சும் அமையோணும். அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் தோட்டத்துச் சாளைக் குடிசையில குதிரையோட இருங்க. வாயைத் தொறக்காதீங்க"ன்னா. சரின்னேன். தலையிலடிச்சுச் சத்தியம் கூடப் பண்ணுனேன்.

அப்பறம் எதுக்கு இங்க உக்காந்து வாயைத் தொறந்திருக்கேன்னு பாக்கறீங்களா? அதுக்கும் காரணம் இருக்குதுங்க. தாரணி சொன்னா.

இன்னைக்குக் காத்தால கம்பெனி வேனுக்கு இங்க வந்து நின்னா. தோட்டத்துக்குப் போன என்னையக் கூப்புட்டு, கூடவே கூட்டிக்கிட்டு வந்தா. இந்தப் பெஞ்சுல உக்கார வெச்சா. "அப்பா, அம்மா சொன்னதைக் கேக்க வேண்டாம். இன்னைக்கு விசாரிக்க வர்றவங்ககிட்ட நீங்களே பேசுங்க. அடிபட்டதைச் சொல்லுங்க, குதிரை வாங்குனதைச் சொல்லுங்க, அந்த ரெண்டு எடம் தட்டிப்போனதையும் சொல்லுங்க. ஒண்ணு விடாமச் சொல்லுங்க"ன்னா.

"உங்கம்மா திட்டுவாளே"ன்னேன்.

"திட்டட்டும். உங்களை ஒளிச்சு வெச்சுக்கிட்டு நான் ஒரு ஊட்டுக்குப் போக முடியாதுப்பா. ஒளிச்சு வெச்சா எத்தனை நாளைக்கு வெக்கறது? நோம்பி பண்டிகைக்கு நீங்க வரோணும். எனக்கு ஒண்ணுன்னா நீங்க வரோணும். உங்களைப் பாத்ததும் ஓடறவங்க இன்னைக்கே ஓடட்டும்"னா.

அப்படிச் சொல்லீட்டு, வேன் வருதான்னு ரோட்டைப் பாத்தா. அப்பறம் மெதுவா, "ஆனா எனக்கு அந்தப் பையனைப் புடிச்சிருக்குதுப்பா. போன்ல பேசுனேன். நல்லாப் பேசறாரு. ஓடிருவாங்களோன்னு பயமா இருக்குது"ன்னா. அழுதா.

இங்கதாங்க, நீங்க உக்காந்திருக்கற எடத்துல நின்னு அழுதா.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், வெளியில சொல்லிக்காதீங்க. முந்தியெல்லாம் இவ அழுதா எனக்கு அடிவயிறு கலங்கிப்போயிருமுங்க. சின்னதுல ஒருக்காக் கீழ விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டு அழுதப்ப, மருந்து போடற நர்ஸம்மாகிட்ட நான் சண்டைக்குப் போயிட்டேன். இன்னைக்கு ஒண்ணுமே பண்ணலைங்க. கண்ணுல தண்ணி வருது, தோளு ஆடுது, மூக்கு செவந்துபோச்சு. எல்லாம் பாக்கறேன். அழறான்னு தெரியுது. எதுக்கு அழறான்னும் தெரியுது. அந்தப் பாயசக் கதை மாதிரி கேட்டா டாண்னு பதில் சொல்லிருவேன். ஆனா வயித்துல ஒண்ணும் இல்லை. வருத்தமா இருக்குதான்னு கேட்டீங்கன்னா, வருத்தப்படோணும்னு தெரியுதுங்க. அவ்வளவுதான்.

அப்ப நான் ரோசனை பண்ணுனேன். இந்த மாதிரி நேரத்துல பெத்தவன் என்ன பண்ணுவான்? பொண்ணு அழுதா அப்பன் தலையில கைய வெப்பான். அது ஞாபகத்துக்கு வந்துச்சு. நானும் எந்திரிச்சு அவ தலையில கைய வெச்சேன்.

வெச்சது சரிதானுங்களே? சரி. அதுக்கப்பறம்தான் சிக்கலாப் போச்சு.

கைய எப்ப எடுக்கறது? அதை யாருமே எனக்குச் சொல்லிக் குடுக்கலீங்க. எடுத்தா இன்னும் அழுவாளோ? எடுக்காம இருந்தா தலை கலைஞ்சுபோயி, வேனுல போறவங்க சிரிப்பாங்களோ? எடுக்கறதுக்கு நாலு காரணம், எடுக்காம இருக்கறதுக்கு நாலு காரணம். நான் பாட்டுக்கு ரோசனை பண்ணிக்கிட்டே நின்னேன். கம்பெனி வேன்காரன் வந்து ஹாரன் அடிச்சான். இவ நகரலை. நான் கைய எடுக்காம இவ எப்படிங்க நகருவா? டிரைவர் எட்டிப் பாத்துப்போட்டு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். பின்னாலயே பஸ்ஸு வந்துச்சு. அதுவும் நின்னுப் பாத்துட்டுப் போயிருச்சு. பேக்கரிக்காரன் கல்லாவுல இருந்து எந்திரிச்சுப் பாக்கறான், டீ குடிக்கறவங்க பாக்கறாங்க. இவ கண்ணை மூடிக்கிட்டு அப்படியே நிக்கறா. அழுகை எப்பவோ நின்னுபோச்சுங்க, ஆனா நின்னுக்கிட்டே இருக்கறா.

கடைசியில அவளே என்ற கையத் தொட்டு எடுத்து, ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு, "போதும்ப்பா"ன்னா. சிரிச்சா வேற. அப்பறம் ஒரு ஷேர் ஆட்டோவுல தொத்திக்கிட்டுப் போனா. இன்னைக்குக் கம்பெனியில லேட்டுன்னு திட்டு வாங்கியிருப்பா. எல்லாம் என்னாலதான். ஒரு கைய நேரத்துக்கு எடுக்கத் தெரியாத அப்பனை வெச்சுக்கிட்டு அந்தப் புள்ளை படற பாடு.

ஏனுங்க, டீ ஆறிப்போச்சு பாருங்க. பப்ஸையும் பாதியில வெச்சுட்டீங்க. நான் ஏதாச்சும் சொல்லக்கூடாததைச் சொல்லிப்போட்டனா? அப்படி இருந்தா நேராச் சொல்லீருங்க, சாடையாச் சொன்னா எனக்கு எட்டாதுங்க. ஓடறதுன்னாலும் சொல்லிப்போட்டு ஓடுங்க. அவகிட்ட நான் சரியாச் சொல்லோணும்.

என்னது? ஞாயித்துக்கெழமையா? பையனையும் கூட்டிக்கிட்டா? வாங்க, தாராளமா வாங்க. பழனாத்தா நல்லா ரசம் வெப்பா. ஆனா நான் இருக்கமாட்டனுங்க, என்னையச் சாளைக்குத் தாட்டிவிட்டுருவாங்க.

அதெப்படீங்க, நான் ஊட்டுல இல்லாட்டி நீங்க வரமாட்டீங்களா? நான் வாசல்ல நின்னு கூப்புட்டாத்தான் படியேறுவீங்களா? இது நெசமாச் சொல்றதுங்களா? என்ற கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. சரி. சரிங்க. பழனாத்தாகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லீருங்க, நான் சொன்னா நம்பமாட்டா.

அட, அதுக்குள்ள எங்கீங்க எந்திரிக்கறீங்க? நான் கேட்டதுக்கு இன்னும் பதிலே சொல்லலியே. உங்களுக்கும் பொண்ணு இருக்குதுங்களா? இருக்குதா! கட்டிக் குடுத்தப்ப அழுதிருக்குமே. கைய எப்பங்க எடுத்தீங்க?